ஆல்கஹாலைக் கொண்டு கார்பன் பிணைப்பு: உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்

ஒரு கீட்டோனின் கார்பனைல் தொகுதியை அடுத்துள்ள ஆல்ஃபா கார்பனில் புதிய கார்பன் சங்கிலி ஒன்றைப் பிணைக்க வேண்டிய தேவை, கரிமத் தொகுப்பில் ஈடுபடும் எவருக்கும் அடிக்கடி வரும். அதற்குப் பாடநூல் சொல்லும் வழி ஆல்கைல் ஹாலைடு. ஆல்கஹாலையே ஆல்கைலேற்றியாகக் கொண்டு, ஓர் உலோக வினையூக்கியின் துணையால் அதே பிணைப்பை உருவாக்கும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் நன்கு வளர்ந்திருக்கிறது. துணைவிளைபொருளாக நீர் மட்டுமே வெளியேறுவது அதன் பெரிய கவர்ச்சி. ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டத் தொடங்கும் மாணவர் உடனே கேட்பது, இரிடியமா, ருத்தேனியமா, மாங்கனீசா என்பதுதான். என் பார்வையில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இணைக்கப்போவது எந்த ஆல்கஹால் என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் உலோகத் தேர்வு பெருமளவு தானாகவே முடிந்துவிடும். சில வேளைகளில் இந்த முறையே வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

வினை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டால் ஒப்பிடுவது எளிது. ஹைட்ராக்சைடு எளிதில் வெளியேறாத தொகுதி என்பதால் சாதாரண ஆல்கஹால் ஒன்று ஈனோலேட்டுடன் (காரம் கீட்டோனின் ஆல்ஃபா கார்பனிலிருந்து ஒரு புரோட்டானை எடுத்தபின் எஞ்சும் எதிரயனி) நேரடியாக வினைபுரிவதில்லை. உலோகம் முதலில் அந்த ஆல்கஹாலிடமிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைக் கைமாற்றாக வாங்கிக்கொள்கிறது. ஆல்கஹால் ஆல்டிஹைடாக மாறுகிறது. அந்த ஆல்டிஹைடு, காரத்தின் முன்னிலையில் கீட்டோனுடன் ஆல்டால் குறுக்கமடைந்து நீரை இழந்து, இரட்டைப் பிணைப்பு கொண்ட நிறைவுறாக் கீட்டோனைத் தருகிறது. வாங்கிய ஹைட்ரஜனை உலோகம் இந்த இரட்டைப் பிணைப்பின் மீது திருப்பிச் செலுத்த, ஆல்கைலேற்றம் பெற்ற கீட்டோன் கிடைக்கிறது. வெளியிலிருந்து ஆக்சிஜனேற்றியும் வேண்டாம், ஒடுக்கியும் வேண்டாம். உலோகத்தின் பங்கு முதல் படியிலும் கடைசிப் படியிலும் மட்டுமே உள்ளது. கார்பன்–கார்பன் பிணைப்பு உருவாகும் நடுப்படியை நடத்துவது காரம். உலோகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் விளைச்சல் உயராத பல சந்தர்ப்பங்களில் தடை இந்த நடுப்படியில்தான் இருக்கும்.

இதன் மூதாதை வினையை 1899இல் பிரான்சின் மார்செல் கெர்பே விவரித்தார். ஒரு முதல்நிலை ஆல்கஹாலை வலிமையான காரத்துடன் கடுமையாகச் சூடாக்கினால் அதன் இரு மூலக்கூறுகள் இணைந்து கிளைத்த பெரிய ஆல்கஹால் ஒன்றைத் தருகின்றன. 2-ஆக்டைல்டோடெக்கனால் போன்ற கெர்பே ஆல்கஹால்கள் இன்றும் அழகுசாதனப் பொருள்களில் இடம்பெறுகின்றன. கரைசலில் கரையும் உலோக அணைவுகள் (உலோக அணுவோடு ஈனிகள் எனப்படும் மூலக்கூறுகள் பிணைந்தவை) 1981இல் வந்து சேர்ந்தன. அவ்வாண்டு கிரிக், வாட்டனபே ஆகிய இருவரின் குழுக்களும் தனித்தனியே அமீன்களின் ஆல்கைலேற்றத்தை வெளியிட்டன. கிரிக்கின் குழு அரைல் அசிட்டோநைட்ரைல்களின் கார்பனிலும் அதைச் செய்து காட்டியது. கீட்டோன்களுக்குத் தென் கொரியாவில் சோ, ஷிம் ஆகியோர் 2000களின் தொடக்கத்தில் ருத்தேனியத்தைப் பயன்படுத்தினர். ஜப்பானின் இஷீ குழு 2004இல் இரிடியத்தைக் கொண்டு அதைச் செம்மையாக்கியது. 2015க்குப் பிறகு இரும்பு, மாங்கனீசு, கோபால்ட்டு, நிக்கல் எனப் பட்டியல் நீண்டுவிட்டது.

முதல் ஒப்பீடு ஆல்கைல் ஹாலைடு வழியுடன். அசிட்டோஃபீனோனிலிருந்து 1,3-டைஃபீனைல்புரோப்பன்-1-ஓன் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஹாலைடு வழியில் அசிட்டோஃபீனோன் ஒரு மோலுக்கு 120 கிராம், லித்தியம் டைஐசோபுரோப்பைலமைடு 107 கிராம், பென்சைல் புரோமைடு 171 கிராம், ஆக 398 கிராம் உள்ளே சென்று 210 கிராம் விளைபொருள் வெளியே வருகிறது. அணுச் சிக்கனம், அதாவது உள்ளே சென்ற எடையில் விளைபொருளாகும் பங்கு, 53 விழுக்காடு. ஆல்கஹால் வழியில் 120 கிராம் கீட்டோனும் 108 கிராம் பென்சைல் ஆல்கஹாலும் சேர்ந்து அதே 210 கிராமைத் தருகின்றன. எஞ்சுவது 18 கிராம் நீர், அணுச் சிக்கனம் 92 விழுக்காடு. பென்சைல் புரோமைடு கண்ணீரை வரவழைக்கும் பொருள். மெத்தில் அயோடைடும் டைமெத்தில் சல்ஃபேட்டும் அதைவிடக் கொடியவை. மருந்துத் தொழிலில் ஆல்கைல் ஹாலைடு எச்சங்கள் மரபணுவைத் தாக்கக்கூடியவை என்ற ஐயத்துடன் தனியாகக் கண்காணிக்கப்படுகின்றன. இந்தக் கணக்குகள் அனைத்தும் ஆல்கஹாலுக்குச் சாதகமாகவே நிற்கின்றன.

ஆனால் அணுச் சிக்கனம் என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுப்பது சரியல்ல. ஹாலைடு வழியில் ஈனோலேட்டு −78 டிகிரி செல்சியசில் உருவாகிறது. அந்தக் குளிரில் மூலக்கூறின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் அசையாமல் இருக்கும். ஆல்கஹால் வழி பொதுவாக 80 முதல் 140 டிகிரி வரை, காரத்தின் முன்னிலையில், பல மணி நேரம் நடக்கிறது. கார்பனைலை அடுத்து ஒரு கைரல் மையம் (இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்கள் கொள்ளக்கூடிய கார்பன்) இருந்தால் அது இச்சூழலில் ரசீமியமாகிவிடும், அதாவது இரு வடிவங்களும் கலந்துவிடும். ஆகவே ஆல்ஃபா கார்பனில் ஒற்றை இனான்சியோமர் வேண்டும் என்பவருக்குக் கைரல் துணைத்தொகுதி இணைத்த ஈனோலேட்டும் ஹாலைடும்தான் இன்னும் நம்பகமான வழி. காரத்தில் நீராற்பகுக்கப்படும் சாதாரண எஸ்டர், ஹைட்ரஜனை ஏற்று ஒடுங்கிவிடும் நைட்ரோ தொகுதி, இடம்பெயரக்கூடிய இரட்டைப் பிணைப்பு ஆகியவை மூலக்கூறில் இருந்தாலும் ஹாலைடு வழியே பாதுகாப்பானது. சமச்சீரற்ற கீட்டோன்களில் ஆல்கஹால் வழி பெரும்பாலும் நெரிசல் குறைந்த பக்கத்தையே தேர்ந்தெடுக்கிறது. இஷீ குழுவின் ஆய்வில் 2-ஆக்டனோன் 1-பியூட்டனாலுடன் மெத்தில் பக்கத்திலேயே இணைந்து 6-டோடெக்கனோனைத் தந்தது. மறுபக்கம் வேண்டும் என்றால் இம்முறையிடம் எதிர்பார்க்க அதிகம் இல்லை.

இரண்டாவது ஒப்பீடுதான் கட்டுரைகளில் அடிக்கடி மௌனமாகக் கடக்கப்படுகிறது. பென்சைல் ஆல்கஹாலைக் கொண்டு அசிட்டோஃபீனோனை ஆல்கைலேற்றுவது இத்துறையில் புதிய வினையூக்கியை அறிமுகப்படுத்தும் ஏறக்குறைய எல்லோரும் எடுத்துக்கொள்ளும் மாதிரி வினை. ஆனால் அதே விளைபொருளுக்கு மிகப் பழைய, மலிவான வழி ஒன்று இருக்கிறது. பென்சால்டிஹைடையும் அசிட்டோஃபீனோனையும் எத்தனாலில் சோடியம் ஹைட்ராக்சைடுடன் அறை வெப்பநிலையில் கலக்கினால் சால்கோன் என்னும் நிறைவுறாக் கீட்டோன் படிகமாக வீழ்கிறது. அதை வடிகட்டி, கரியில் ஏற்றிய பல்லேடியத்தின் மீது ஒரு வளிமண்டல ஹைட்ரஜனில் ஒடுக்கினால் வேலை முடிந்தது. இளநிலை மாணவர்களின் செய்முறை வகுப்பிலேயே சால்கோன் தொகுப்பு செய்யப்படுகிறது. பல்லேடியத்தை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம். அதற்கெதிராக, 140 டிகிரியில் மூடிய குழாய்க்குள் ஓர் உணர்திறன் மிக்க அணைவை வைத்து ஒரு நாள் முழுவதும் காத்திருப்பதற்குத் தொகுப்பு நோக்கில் எந்த நியாயமும் இல்லை. அந்த மாதிரி வினை வினையூக்கிகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும் அளவுகோல். தன் ஆய்வகத்தில் அந்தக் கீட்டோனே தேவைப்படுபவர் பழைய இரு படிகளையே எடுப்பது நல்லது.

அப்படியானால் ஆல்கஹால் வழி எங்கே தன் தகுதியைக் காட்டுகிறது? ஆல்டிஹைடைத் தனியே எடுத்துப் பயன்படுத்த முடியாத இடங்களில். பியூட்டனால், ஹெக்சனால், சிட்ரோனெல்லால் போன்ற கொழுப்புவகை ஆல்கஹால்களின் ஆல்டிஹைடுகளுக்குத் தங்களுக்கென்றே ஆல்ஃபா ஹைட்ரஜன் உண்டு. அவற்றை ஒரு கீட்டோனுடன் காரத்தில் சேர்த்தால், கீட்டோனைத் தேடிப் போவதற்கு முன் அவை தங்களுக்குள்ளேயே குறுக்கமடைந்து பிசினாகிவிடும். உலோக வினையூக்கி ஆல்கஹாலிலிருந்து ஆல்டிஹைடைத் துளித்துளியாக மட்டுமே வெளிவிடுகிறது. எந்த நேரத்திலும் அதன் செறிவு குறைவாகவே இருப்பதால் அது தன்னைப் போன்ற இன்னொன்றைச் சந்திக்கும் வாய்ப்பைவிட, சுற்றிலும் நிறைந்திருக்கும் கீட்டோன் ஈனோலேட்டைச் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். இம்முறையின் உண்மையான பலமாக நான் கருதுவது இதைத்தான். நீர் மட்டுமே கழிவு என்பது அதற்கு அடுத்தபடிதான்.

மெத்தனால் இன்னொரு வகை. அது தரும் ஃபார்மால்டிஹைடு வாயு. தூய நிலையில் எடை போட்டுச் சேர்ப்பது கடினம். ஆகவே மெத்தில் அயோடைடுக்கு மாற்றாக மெத்தனால் என்ற எண்ணம் மிகவும் விரும்பத்தக்கது. தடை வெப்ப இயக்கவியலில் இருக்கிறது: எத்தனாலிலிருந்து ஹைட்ரஜனை நீக்க மோலுக்குச் சுமார் 68 கிலோஜூல் வேண்டும், மெத்தனாலுக்குச் சுமார் 84 கிலோஜூல் வேண்டும். பென்சைல் ஆல்கஹாலில் சிறப்பாக இயங்கிய வினையூக்கி மெத்தனாலில் அசையாமல் நிற்பதற்கு இதுவே காரணம். ஆக்ஸ்ஃபோர்டில் டோனோகோவின் குழு 2014இல் ரோடியத்தைக் கொண்டு 65 டிகிரியிலேயே கீட்டோன்களை மெத்திலேற்றிக் காட்டியது. அதே ஆண்டில் ஜப்பானிலிருந்து ஓபோரா குழு இரிடியத்தால் அதைச் செய்தது. கார்டிஃபில் மாரில் குழு பின்னர் இரும்பை இந்த வேலைக்குப் பழக்கியது. மெத்தனாலை வினைப்பொருளாகவும் கரைப்பானாகவும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடிவது வசதிதான். ஆனால் அது மிகையாக இருப்பதாலேயே, மெத்தில் கீட்டோன்களில் ஒரு மெத்தில் தொகுதியோடு நிறுத்துவது கடினம், இரண்டும் ஏறிவிடும். ஆல்ஃபா கார்பனில் ஏற்கெனவே ஒரு பதிலி இருக்கும் கீட்டோன்களே இதற்குப் பொருத்தமானவை.

இரண்டாம்நிலை ஆல்கஹால்கள் நீண்ட காலம் இம்முறைக்கு எட்டாமல் இருந்தன. அவை ஹைட்ரஜனை இழந்தால் கிடைப்பது கீட்டோன். குடுவையில் ஏற்கெனவே ஒரு கீட்டோன் இருக்கிறது. யார் ஈனோலேட்டு, யார் ஏற்பி என்பதே குழப்பமாகிவிடுகிறது. இதற்கு இரண்டு வேறுபட்ட தீர்வுகள் உண்டு. டோனோகோ குழு பென்டாமெத்தில்ஃபீனைல் கீட்டோனைத் தேர்ந்தெடுத்தது. வளையத்தின் இருபுறமும் நிற்கும் மெத்தில் தொகுதிகள் கார்பனைலை வளையத் தளத்திலிருந்து திருப்பி மறைத்துவிடுவதால், அந்தக் கீட்டோன் தன்னோடு தானே குறுக்கமடைவதும் இல்லை, உலோக ஹைட்ரைடால் ஒடுக்கப்படுவதும் இல்லை. ஈனோலேட்டாக மட்டும் செயல்படுகிறது. வேலை முடிந்த பின் புரோமினைக் கொண்டு அந்த அரைல் தொகுதியைக் கழற்றி, அமில புரோமைடு வழியாக எஸ்டராகவோ அமைடாகவோ மாற்றிக்கொள்ளலாம். புவனேசுவரத்தை அடுத்துள்ள நைசர் நிறுவனத்தில் சிதம்பரம் குணநாதனின் குழு 2019இல் வெளியிட்ட வழி வேறு விதம். இரண்டு வெவ்வேறு இரண்டாம்நிலை ஆல்கஹால்களை ஒரு ருத்தேனியம் பின்சர் அணைவின் (ஈனி உலோகத்தை மூன்று புள்ளிகளில் இடுக்கிபோல் பிடித்திருக்கும் அணைவு) மீது நேரடியாக இணைத்து, பீட்டா கார்பனில் இரு பதிலிகள் கொண்ட கீட்டோன்களை அவர்கள் பெற்றனர். துணைவிளைபொருள்கள் ஹைட்ரஜனும் நீரும் மட்டுமே. முதல் வழி கூடுதல் தொகுதி ஒன்றைச் சுமந்து சென்று பின் கழற்றுவது. இரண்டாவது நேரடியானது, ஆனால் இரு ஆல்கஹால்களின் இயல்பும் போதுமான அளவு வேறுபட்டிருந்தால்தான் கலப்பு விளைபொருள் தூய்மையாகக் கிடைக்கும்.

இரு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட ஆல்கஹால்களான டையால்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஓர் 1,5-டையாலின் இரு முனைகளும் ஒரே கார்பனோடு அடுத்தடுத்து இணைந்தால் சைக்ளோஹெக்சேன் வளையம் உருவாகிறது. டோனோகோ குழு 2018இல் இரிடியத்தால் இதைச் செய்தது. 2019இல் லைட்னர் குழு மாங்கனீசால் டையால்களிலிருந்து சைக்ளோஆல்கேன்களைப் பெற்றது. இதே வளையத்தை டைஹாலைடு கொண்டு கட்டுவதும் டைஆல்டிஹைடு கொண்டு கட்டுவதும் எத்தனை தொல்லை என்பதை முயன்றவர்கள் அறிவார்கள். வளையங்கள் வேண்டுபவருக்கு ஆல்கஹால் வழியே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி உலோகங்கள். இரிடியமும் ருத்தேனியமும் இவ்வினைக்கு மிகவும் பழகியவை. இஷீ குழுவின் செய்முறையில் கடையில் கிடைக்கும் இரிடியம்–சைக்ளோஆக்டாடையீன் இருபடியும், அதேபோல் எளிதாகக் கிடைக்கும் டிரைஃபீனைல்ஃபாஸ்ஃபீனும், சிறிதளவு பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் மட்டுமே; கரைப்பான் இல்லை, 100 டிகிரி போதும், கொழுப்புவகை ஆல்கஹால்களும் இணங்குகின்றன. ஒரு புதிய மூலக்கூறை முதன்முறையாக முயல்பவருக்கு இதைவிட எளிய தொடக்கம் இல்லை. விலைதான் உறுத்தும். உலகில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் குறைவாகவே இரிடியம் கிடைக்கிறது. அதில் மிகப் பெரும் பங்கு தென் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. 2021இல் அதன் விலை ஓர் அவுன்சுக்கு 6000 டாலரைத் தாண்டியது. 2 மோல் விழுக்காடு இரிடியம் என்றால் ஒரு மோல் விளைபொருளுக்கு 3.8 கிராம் உலோகம். அந்த விலையில் அது சுமார் 740 டாலர், கிடைக்கும் கீட்டோனோ 210 கிராம். மில்லிகிராம் அளவில் நூறு மூலக்கூறுகளைத் தயாரித்துச் சோதிக்கும் மருந்தியல் குழுவுக்கு இது பொருட்டே அல்ல. கிலோ அளவில் தயாரிப்பவருக்கு இதுவே முடிவைத் தீர்மானிக்கும்.

ருத்தேனியம் அதே குடும்பத்தில் விலை குறைந்த உறுப்பு. அதன் பின்சர் அணைவுகளுள் ரு-மாக்கோ என்பது வணிக அளவில் கிடைக்கிறது, எஸ்டர்களை ஹைட்ரஜனேற்றும் தொழில்முறைகளில் நன்கு சோதிக்கப்பட்டது. ஹைட்ரஜனேற்றத்தில் அத்தனை திறமை வாய்ந்த உலோகம் என்பதே இங்கே ஒரு சிக்கலும் ஆகிறது: கீட்டோனில் நிற்க வேண்டிய வினை, ஆல்கஹால் மிகையாக இருந்தால் ஒரு படி மேலே சென்று இரண்டாம்நிலை ஆல்கஹாலில் முடியும். சோ, ஷிம் குழுவினர் இதை இருபுறமும் காட்டினர். ஆல்கஹாலை மிகையாக்கினால் விளைபொருள் ஆல்கஹால். 1-டோடெக்கீன் என்னும் ஹைட்ரஜன் ஏற்பியைச் சேர்த்தால் விளைபொருள் கீட்டோன். எது வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தவருக்கு இந்தக் குணம் ஒரு வசதி. முடிவு செய்யாதவருக்கு இரண்டும் கலந்த எண்ணெய்தான் கிடைக்கும்.

மாங்கனீசு பூமியில் தாராளமாகக் கிடைக்கும் உலோகம். ரோஸ்டாக்கில் பெல்லர் குழு 2016இல் மாங்கனீசு பின்சர் அணைவைக் கொண்டு கீட்டோன்களை முதல்நிலை ஆல்கஹால்களால் ஆல்கைலேற்றியது. வைஸ்மன் நிறுவனத்தின் மில்ஸ்டைன் குழு 2018இல் அதை எஸ்டர்களுக்கும் அமைடுகளுக்கும் விரித்தது. கீட்டோன்களில் காரம் வினையூக்கி அளவிலேயே போதும் என்பது மாங்கனீசு அணைவுகளின் மதிப்புமிக்க பண்பு. இரும்புக்குக் க்னோல்கர் அணைவு இருக்கிறது. டார்செல், பெல்லர் குழுக்கள் 2015இல் அதனைக் கீட்டோன் ஆல்கைலேற்றத்துக்குப் பயன்படுத்தின. டிரைகார்பனைல் வடிவில் அது காற்றில் நிலையானது, கையாளுவது எளிது. காரமோ டிரைமெத்திலமீன் ஆக்சைடோ சேர்த்ததும் செயல்படத் தொடங்குகிறது. நிக்கலில் ரூர்க்கி ஐ.ஐ.டி.யிலிருந்தும், கோபால்ட்டில் பைராய்ட்டின் கெம்பே குழுவிலிருந்தும் நல்ல முடிவுகள் வந்துள்ளன.

மலிவான உலோகம் என்று சொல்லும்போது ஒரு கணக்கு விடுபட்டுப் போகிறது. மாங்கனீசின் விலை ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியுள்ள பின்சர் ஈனியின் விலை அப்படியல்ல. ஐசோபுரோப்பைல் ஃபாஸ்ஃபீன் கொண்ட ஈனிகள் காற்றில் கெடுபவை. அவற்றைத் தயாரிக்கக் காற்றும் ஈரமும் புகாத கையுறைப் பெட்டியும் பழகிய கையும் வேண்டும். டிரைஃபீனைல்ஃபாஸ்ஃபீனோடு வேலை செய்யும் இரிடியத்தையும், தனியே தயாரித்த ஈனியோடு வேலை செய்யும் மாங்கனீசையும் உலோக விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவது நேர்மையான ஒப்பீடு அல்ல. வெப்பநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுவாக இரும்பும் மாங்கனீசும் 140 டிகிரியை ஒட்டிக் கேட்கின்றன. டொலுவீன் 111 டிகிரியிலும் டெர்ட்-அமைல் ஆல்கஹால் 102 டிகிரியிலும் கொதிப்பவை என்பதால் மூடிய, அழுத்தம் தாங்கும் கலன் கட்டாயமாகிறது. அத்தகைய கலன் இல்லாத ஆய்வகம், மலிவு என்பதற்காக மட்டும் இரும்பைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

மருந்துத் தயாரிப்பை நோக்கிச் செல்பவர்கள் எஞ்சும் உலோகத்தைப் பற்றிய பன்னாட்டு வழிகாட்டு நெறிகளையும் பார்த்தாக வேண்டும். வாய்வழி மருந்துகளில் இரிடியம், ருத்தேனியம், ரோடியம் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் வரை அனுமதி. நிக்கலுக்கு அதைவிடத் தளர்வாகச் சுமார் 200 மைக்ரோகிராம். கோபால்ட்டுக்கோ 50 மைக்ரோகிராம் மட்டுமே. அதாவது, அரிய உலோகத்தைத் தவிர்க்க வேண்டும் என்று கோபால்ட்டுக்கு மாறியவர், தூய்மைப்படுத்தும் படியில் இரிடியத்தைவிட இருமடங்கு கடுமையான வரம்பைச் சந்திக்கிறார். இரும்புக்கும் மாங்கனீசுக்கும் இந்த நெறிகளில் தனி வரம்பே இல்லை. அவற்றின் உண்மையான மேன்மை உலோக விலையைவிட இதில்தான் இருக்கிறது. 2 மோல் விழுக்காடு இரிடியம் சேர்த்த வினையில் உலோகம் முழுவதும் விளைபொருளோடு தங்கினால் அது எடையில் ஏறக்குறைய 1.8 விழுக்காடு, நாளொன்றுக்கு ஒரு கிராம் உட்கொள்ளும் மருந்தில் அது பத்து லட்சத்தில் நூறு பங்காகக் குறைய வேண்டும். வினை கடைசிப் படியாக இல்லாமல் தொகுப்பின் தொடக்கத்தில் இருந்தால் பின்வரும் படிகளே இந்தச் சுமையில் பெரும்பகுதியைக் கழித்துவிடும் என்பதால், எத்தனையாவது படி என்பதும் உலோகத் தேர்வில் ஒரு காரணியாகிறது.

காரத்துக்குத் திரும்புவோம். டைமெத்தில் சல்ஃபாக்சைடில் ஃபீனைல் அசிட்டோநைட்ரைலின் pKa மதிப்பு (இது கூடக்கூடப் புரோட்டானை எடுப்பது கடினம்) 22ஐ ஒட்டியும், அசிட்டோஃபீனோனுடையது 25ஐ ஒட்டியும், சாதாரண அசிட்டேட்டு எஸ்டர்களுடையது 30ஐ ஒட்டியும் உள்ளன. நைட்ரைல்கள் 1981இலேயே வசப்பட்டதும், எஸ்டர்கள் பிந்தி வந்ததும் இந்த வரிசையோடு பொருந்துகின்றன. எஸ்டருக்கு வலிமையான காரம் பெருமளவில் வேண்டும். அதே காரம் எஸ்டரை உடைக்கவும், வினைபுரிய வந்த ஆல்கஹாலோடு எஸ்டர் மாற்றம் நடத்தவும் முனையும். டெர்ட்-பியூட்டைல் அசிட்டேட்டையே பலரும் எடுத்துக்கொள்வது இந்த இழப்பைக் கட்டுப்படுத்தத்தான். அசிட்டிக் அமிலப் பகுதியை நீட்டுவதே குறிக்கோள் என்றால், எஸ்டரோடு போராடுவதைவிடப் பென்டாமெத்தில்ஃபீனைல் கீட்டோனில் ஆல்கைலேற்றி, பிறகு எஸ்டராக்குவது ஒரு படி நீளமானாலும் அமைதியான வழி.

காரத்தோடு தொடர்புடைய இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஆலனும் கிராப்ட்ரீயும் 2010இல் எந்த மாறுநிலை உலோகமும் இல்லாமல், காற்றின் முன்னிலையில் காரம் மட்டுமே கொண்டு ஆல்கஹால்களை இணைத்துக் காட்டினர். சிறிதளவு ஆல்டிஹைடு எப்படியோ தோன்றிவிட்டால், அதன் பின் ஆல்கஹாலுக்கும் கார்பனைலுக்கும் இடையே கார உலோகத்தின் வழியாகவே ஹைட்ரைடு கைமாறுகிறது. ஆகவே பென்சைல் ஆல்கஹாலையும் முழு அளவு பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடையும் 120 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும் எந்த வினையிலும், வினையூக்கி இல்லாத வெற்றுச் சோதனை ஒன்று கட்டாயம். அது நல்ல விளைச்சலைத் தந்தால் உலோகத்துக்குச் செலவிட வேண்டியதில்லை. பென்சைல்வகை ஆல்கஹால்களில் இப்படி நேர்வது அரிதல்ல. கொழுப்புவகை ஆல்கஹால்களில் இந்த உலோகமற்ற வழி பெரும்பாலும் கைகொடுக்காது.

ஆல்கஹாலைக் கொண்டு கார்பன் பிணைப்பை உருவாக்கும் வேறு குடும்பங்களும் உள்ளன. குழப்பம் வேண்டாம் என்பதற்காக மட்டும் அவற்றைச் சொல்கிறேன். டைஃபீனைல்மெத்தனால் போன்ற, நிலையான கார்பன் நேரயனியைத் தரும் ஆல்கஹால்கள் இண்டியம் குளோரைடு அல்லது இரும்பு குளோரைடின் முன்னிலையில் 1,3-டைகீட்டோன்களோடு நேரடியாக இணைகின்றன. அங்கே ஹைட்ரஜன் பரிமாற்றமே இல்லை, காரமும் இல்லை. அல்லைல் ஆல்கஹால்களுக்குப் பல்லேடியமும் இரிடியமும் அல்லைல் அணைவுகள் வழியாக வேறொரு பாதையைத் திறக்கின்றன. சூரிச்சில் காரேராவின் குழு 2013இல் இரிடியத்தையும் ஒரு கைரல் அமீனையும் சேர்த்து, இரு கைரல் மையங்களின் நான்கு வடிவங்களையும் விருப்பப்படி பெற்றது. கார உணர்திறன் மிக்க மூலக்கூறும் இவ்வகை ஆல்கஹாலும் கையில் இருந்தால், கைமாற்று முறையை மறந்துவிட்டு இவற்றுக்குப் போவதே சரி.

ஆக, பென்சைல்வகைக் கீட்டோன் வேண்டுபவர் சால்கோன் வழியை எடுக்கலாம். கொழுப்புவகைச் சங்கிலியைச் சிறிய அளவில் இணைப்பவர் இரிடியத்தோடும் டிரைஃபீனைல்ஃபாஸ்ஃபீனோடும் தொடங்கி, வினை இயங்குகிறது என்று தெரிந்த பிறகு, அளவைப் பெருக்கும் கட்டத்தில் மாங்கனீசுக்கோ ருத்தேனியத்துக்கோ மாறலாம். மெத்திலேற்றத்துக்கு இரிடியம் அல்லது ரோடியம், வளையங்களுக்கு இரிடியம் அல்லது மாங்கனீசு, ஆல்ஃபா கார்பனில் கைரல் மையம் என்றால் ஹாலைடு. கோபால்ட்டை மருந்துக்கு அருகிலான படிகளில் நான் எடுக்கமாட்டேன்.

அளவைப் பெருக்கும்போது இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒரு மோல் வினையில் 18 கிராம் நீர் உள்ளேயே சேர்கிறது. சிறு குழாயில் பொருட்டாகத் தெரியாத இந்த நீர், பெரிய கலனில் காரத்தைத் தளர்த்தி நடுப்படியை மந்தமாக்கும் என்பதால் அதை வெளியேற்றும் ஏற்பாடு வேண்டும். கைமாற்று முழுமையாகத் திரும்பாத வினைகளில் ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறும். ஒரு மோல் ஆல்கஹாலில் பத்தில் ஒரு பங்கு அப்படிப் போனாலும் அறை வெப்பநிலையில் இரண்டு லிட்டருக்கு மேல் தீப்பற்றும் வாயு சேரும். 140 டிகிரியில் முழுதும் மூடிய கலனில் அதற்கு இடம் ஒதுக்காமல் மேல்விளிம்பு வரை நிரப்பக் கூடாது.